போத்தனூர் பெல்தார்ன், சத்தி பெல்தார்ன்

அடுத்தவர் வீட்டு கேட்டில் நின்று, "உங்க தாத்தாவுக்கு அப்பா பேர் என்னங்க?" என்று கேட்பதுதான் என் வேலை, இந்தக் கேள்வியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட வீடு ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

மீட்டர் ரீடிங் எடுப்பவர்கள், சொட்டு மருந்துக்குக் குழந்தைகளை எண்ணுபவர்கள், வாக்காளர் பட்டியலோடு வெயிலில் அலையும் டீச்சர்கள், உங்களுக்கெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. பெல் அடித்ததும் கதவு திறக்காது, ஜன்னல் திரைதான் விலகும். உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று நிற்கும். வீட்டில் ஆள் இல்லை என்று உள்ளேயிருந்தே ஒரு ஆள் சொல்வார்.

நான் காங்கேயம் பக்கத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்தேன். மகள் யூ.கே.ஜி. போக ஆரம்பித்ததும், ராமநாதபுரத்தில் வாரிசுச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பழைய பத்திர நகல் எல்லாம் எடுத்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். முதலாளி சாந்தியக்கா. அவருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர் வேலை கொடுத்தார். அவர் குடும்பப் பேர் பெல்தார்ன். அந்த நாட்டிலேயே அபூர்வமான பேராம். அந்தப் பேர் வைத்தவர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடித் தேடி மேப்பில் புள்ளி வைக்கிறார். அவர் ஊர்ப்பக்கம் கூட்டமாகப் புள்ளி, கனடாவில் கொஞ்சம், நியூசிலாந்தில் கொஞ்சம். எங்கேயும் ஒட்டாமல் நம் பக்கம் ரெண்டே ரெண்டு: ஒன்று போத்தனூர், இன்னொன்று நாங்கள் சத்தி என்கிற சத்தியமங்கலம். இவை எப்படி அங்கே வந்தன என்று அவருக்குச் சந்தேகம். கண்டுபிடிக்க ஸ்கூட்டியோடு கிளம்பியது நான்.

கேட்டுக்கு இந்தப் பக்கம்

போத்தனூர் வீட்டுக்காரர் ஸ்டீபன் பெல்தார்ன், ரயிலுக்குக் கொடி காட்டும் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என் ஐ.டி. கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். என் ஸ்கூட்டி நம்பர் பிளேட்டைப் போனில் படம் எடுத்தார். எந்த பேங்க் என்றார். பேங்க் இல்லை என்றேன். எந்தக் கட்சி என்றார். அதுவும் இல்லை என்றேன். அப்படியானால் இன்னும் மோசம் என்பதுபோலப் பார்த்தார்.

பெல்தார்ன் என்ற பேரைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. கேட்டின் கொண்டியைச் சரிபார்த்துக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "லோன் வாங்குனது எந்தப் பெல்தார்னுங்க அம்மணி? நாங்க அந்தப் பெல்தார்ன் இல்லீங்க."

கேட்டுக்கு அந்தப் பக்கம்

இங்கிலாந்துப் பெரியவரின் மேப்பைப் போனில் காட்டியபின்தான் கொண்டி திறந்தது. மனுசர் அடியோடு மாறிப்போனார். பிளம் கேக் வந்தது, டீ வந்தது. தன் பூட்டன் ஐசக், இங்கே ரயில் பாதை போட வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரின் மகன் என்றார். பேர், காது, நடை எல்லாம் அந்த வழியில் வந்ததுதானாம். எனக்குத் தெரிந்தவரை அவர் காது நம்மூர்க் காது. ஆனால் கேக் நன்றாக இருந்தது, தலையாட்டிக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. பெரியவர் சாந்தியக்காவிடம் சொன்னதை நம் பாஷையில் விளக்கப் போனேன். பெல்தார்ன் என்பது அங்கே ஒரு தோட்டத்து வீட்டின் பேருங்க, அந்த ஒரே வீட்டிலிருந்து கிளம்பியவர்கள்தான் உலகத்தில் இருக்கிற எல்லா பெல்தார்னும், நம்ம பக்கத்தில் கூட்டம் சொல்கிறோமே அந்த மாதிரி, நீங்கள் எல்லாரும் ஒரே கூட்டமுங்க, சத்தியிலேயும் உங்க பங்காளி வீடு ஒன்று இருக்குதுங்க என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் ஆளைப் பார்த்ததும் எந்தக் கூட்டம் என்று கேட்போம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கை. ஏழு தலைமுறை தள்ளியிருந்தாலும் அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. சர்ச்சுக்குப் போகிறவர்கள் கூட்டம் சொல்வதில்லை என்றாலும், கொங்கு நாட்டில் குடியிருந்துகொண்டு அந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது.

ஸ்டீபன் ஐயா டீ டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "அந்த சத்தி ஊட்டுக்குத்தானுங்க எம்பட புள்ளையக் குடுக்கறோம்."

எனக்கு முன்னால் போன செய்தி

மகள் பேர் பிரிசில்லா, ஸ்கூல் டீச்சர். மாப்பிள்ளை டேவிட் பெல்தார்ன், சத்தி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்குக் கமிஷன் கடை வைத்திருப்பவர். ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேர் என்பது பெண் பார்த்த அன்றைக்கே தெரியும். பத்திரிகையில் அச்சடித்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டவர்கள்தான். ஒரே பேர் என்றால் ஒரே ரத்தம் என்று அவர்களுக்குச் சொல்ல நான் ஒருத்தி வேண்டியிருந்தது.

சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிப்பார்கள். யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்பார்கள். ரெண்டு ஞாயிறு முடிந்திருந்தது. மூன்றாவதற்குள் இதற்கு ஒரு முடிவு தெரியாவிட்டால் கல்யாணம் நிற்கும். அந்தத் தடை யாரென்று கேட்டால் மஞ்சள் சுடிதார் போட்ட ஸ்கூட்டிக்காரி என்று ரெண்டு ஊரும் கை காட்டும்.

மறுநாள் சத்தி பஸ் பிடித்தேன். எனக்கு முன்னால் போன் போயிருந்தது. டேவிட்டின் அம்மா சுசீலா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் இல்லாமல் தனியாகக் கடையையும் மகனையும் நிமிர்த்தியவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் விசாரணை. யார் அனுப்பினார்கள், இதற்குமுன் வேறு இடத்தில் பேசி முறிந்துபோன பெண் வீட்டார் யாராவது என்னை ஏவிவிட்டார்களா, போத்தனூர்க்காரருக்கே மனசு மாறி என்னை முன்னால் விடுகிறாரா என்று ஒன்று விடாமல் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லைங்க, இல்லைங்க என்றேன். கடைசியில் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "நெம்ப நல்லவிங்களாத்தான் தெரியறீங்க கண்ணு, அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

எச்சில் குழாய்

இங்கிலாந்துப் பெரியவரிடம் வீடியோவில் நிலைமையைச் சொன்னோம். சாந்தியக்கா இங்கிலீஷில் பேசினார், நான் பக்கத்தில் நின்று கையை ஆட்டினேன். மாமன் மகளைக் கட்டலாம், ஏழு தலைமுறை தள்ளிய பங்காளி மகளைக் கட்டக்கூடாது என்பது அவருக்குக் கடைசிவரை ஏறவில்லை. ரெண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அதற்கென்ன, ரத்த சம்பந்தம் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறதே என்றார். வீட்டுக்கு ஒருவர் சின்னக் குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் போதுமாம். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பது வேறு கதை.

இதை சுசீலாம்மாவிடம் போனில் சொல்ல நான்தான் மாட்டினேன்.  முழுக்கக் கேட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமலே கேட்டார்: "எச்சைய வாங்கிக் கடல் தாண்டி அனுப்பறதுக்குப் பேரு உங்கூர்ல டெஸ்ட்டுங்களா? எங்கூர்ல வேற பேருங்க."

கல்யாணப் பெண்

பிரிசில்லா ஒரு மத்தியானம் ஆபீஸுக்கே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துத் தண்ணி பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டேன். திட்டவில்லை. டேவிட் ரெண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை, எடுத்தாலும் "சொல்லுங்க" என்று வெளி ஆளிடம் பேசுவதுபோலப் பேசுகிறான் என்றாள். இத்தனை நாள் வாடி போடி என்றவனாம். கண் கலங்கியிருந்தாலும் சிரிக்கப் பார்த்தாள்: "கல்யாணத்துக்கப்பறம் பாஸ்போர்ட்டுல பேர் மாத்தற வேலை மிச்சம்னு இருந்தனுங்க்கா; இப்ப அவரு என்னைத் தங்கச்சின்னு கூப்புட்டுப் பழகறாரோன்னு பயமா இருக்குதுங்க."

அன்று ராத்திரி ரெண்டு வீட்டிலும் கேட்டு எழுதிய நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன்.

ரிஜிஸ்தர்

சுசீலாம்மா தன் விசாரணையின் நடுவில் ஒன்று சொல்லியிருந்தார். அவர் வீட்டுக்காரரின் பூட்டன் யாக்கோபு சின்ன வயசில் ஈரோட்டுப் பக்கம் ஒரு மிஷன் போர்டிங்கில் படித்தவராம். அங்கே பழைய ஞானஸ்நான ரிஜிஸ்தர் இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். நான் எதையாவது எழுதிக்கொண்டு வந்துவிடுவேன் என்று ஸ்டீபன் ஐயாவுக்குச் சந்தேகம். அவரும் கூடவே வந்தார். பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து என் போனை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மிஷன் ஆபீஸ் கிளார்க் எங்கள் ரெண்டு பேரையும் எந்தக் கேஸ் என்று கேட்டுவிட்டு, கேஸ் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அலமாரியைத் திறந்தார். பழைய இங்கிலீஷ் கையெழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே பொழுது போய்விடும் என்பதால் ஸ்டீபன் ஐயாவே கண்ணாடி போட்டுச் சத்தமாகப் படித்தார். பையனின் பேர் யாக்கோபு. அப்பா தாராபுரம் பக்கம் ஆடு மேய்ப்பவர். படிப்புச் செலவை இங்கிலாந்தில் பெல்தார்ன் என்ற ஒரு அம்மாள் ஏற்றுக்கொண்டதால் அவர் குடும்பப் பேரே பையனுக்கு வைக்கப்பட்டது. அந்த நாளில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது என்று கிளார்க் சொன்னார். பணம் அனுப்புகிறவர்களுக்குத் தங்கள் பேரில் ஒரு பிள்ளை எங்கேயோ படிக்கிறது என்ற திருப்தி.

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. சத்தி வீட்டுக்கும் வெள்ளைக்காரருக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. கல்யாணம் நடக்கும்.

ஸ்டீபன் ஐயா அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். பையனின் பேர் ஐசக். அப்பா மாரப்பன், பொள்ளாச்சி, மாட்டு வண்டிக்காரர். அதே அம்மாள், அதே பேர். ஓரத்தில் பின்னால் யாரோ எழுதிய குறிப்பு: ரயில்வே வேலைக்குப் போத்தனூர் போய்விட்டான்.

கிளார்க் ஃபேனைப் போட்டார். ஸ்டீபன் ஐயா கண்ணாடியைக் கழற்றி மடித்தார், திரும்ப விரித்தார். அப்புறம் என்னிடம், சத்தி வீட்டுக்கு மேல் வரி ஒன்று போதுமே என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். அவர்கள் வெள்ளைக்காரர் வழி இல்லை என்று தெரிந்தால் போதும், கல்யாணம் நடக்கும். இவருடைய இன்ஜினியரும் பத்திரமாக இருப்பார். நான் போனில் படம் எடுத்தேன். ரெண்டாவது வரிமேல் அவர் கட்டைவிரல் இருந்தது. ரிஜிஸ்தரைத் திரும்ப வாங்கிக்கொண்டே கிளார்க் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நீங்க மறைச்சுக்கலாமுங்க, அது இந்த அலமாரிக்குள்ளயேதான் இருக்கும், எங்கயும் போகாதுங்க."

கட்டைவிரல்

அங்கிருந்து நேராக சத்தி. சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் மூன்றாவது ஞாயிறு. டேவிட் கடையிலிருந்து ஓடிவந்து கதவோரம் நின்றான், சட்டையெல்லாம் மல்லிகை வாசம். நான் விஷயத்தைச் சொல்லி, படத்தைப் பெரிதாக்கி சுசீலாம்மாவிடம் கொடுத்தேன். ஆடு மேய்ப்பவர் என்றதும் அந்தம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நிம்மதியாகத்தான் பெருமூச்சு விட்டார். டேவிட் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அப்புறம் அந்தம்மா படத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார். இது யார் விரல் என்றார். பிடிப்பதற்காக வைத்தது என்றேன். பிடிக்கிறவர்கள் ஓரத்தில்தானே பிடிப்பார்கள், எழுத்துமேலேயா பிடிப்பார்கள் என்றார். போனை என் மடியில் வைத்தார். அந்த விரலுக்குக் கீழே என்னவோ இருக்கிறது, அதை மறைத்துப் பெண் கொடுக்க வந்திருக்கிறார்கள், நாளைக்கு அறிவிப்பு வாசிக்க வேண்டாமென்று சர்ச் ஐயரிடம் இப்போதே போய்ச் சொல்லப் போகிறேன் என்று செருப்பை மாட்டினார். டேவிட் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

ஸ்டீபன் ஐயா எழுந்து நின்றார். ரயில் கிளம்பும்போது கொடி பிடிக்கிற மாதிரி நேராக நின்றார்.

"சம்பந்திம்மா, சித்த நில்லுங்க. எங்க ஊட்டுலயும் இன்ஜினியரு கிடையாதுங்க. எம்பட பூட்டனோட அப்பன் பொள்ளாச்சியில மாட்டு வண்டி ஓட்டுனவருங்க. அதைத்தானுங்க மூடுனேன்."

சுசீலாம்மா ஒரு செருப்போடு அப்படியே நின்றார். ஸ்டீபன் ஐயாவின் முகத்தையும் காதையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அது பொண்ணு பாக்க வந்தன்னிக்கே தெரியுமுங்க. ஆசையா சொல்றீங்களேன்னு மருவாதிக்குக் கேட்டுட்டு இருந்தமுங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது அறிவிப்பு வாசித்தார்கள். தடை சொல்ல ஒருவரும் எழவில்லை. இங்கிலாந்துப் பெரியவர் தன் குடும்பக் காகிதங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, படிப்புச் செலவு கொடுத்த அந்த அம்மாள் கல்யாணமே ஆகாதவர், தன் தாத்தாவுக்கு அத்தை என்று எழுதினார். ரெண்டு புள்ளிகளையும் எடுக்கவில்லை, அந்த அம்மாள் பேருக்குக் கீழே மாற்றி வைத்திருக்கிறார். நானும் இப்போது எந்த வீட்டு கேட்டில் நின்றாலும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் தாத்தா பேரைக் கேட்கிறேன், அதனால் பேங்க்காரி என்று சந்தேகப்பட்ட ஊரெல்லாம் இப்போது கல்யாணத் தரகர் என்று சந்தேகப்படுகிறது.