துரைசாணி கேட்ட கோட்டு

இன்று காலைத் தபாலில் செங்கல்பட்டுத் துரைசாணியின் கடிதம் வந்தது. கவுன் தைக்கப் பட்டு கேட்டிருந்தார்கள் என்று, நம் பட்டுக்கடை நெசவுக்கார அண்ணாமலை முதலியாரைப் போன வாரம் மாதிரித் துண்டுகளோடு அனுப்பியிருந்தேன்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியார் ஐயங்கார்தான் படித்துச் சொன்னார். பாதியில் நிறுத்தி, தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை இழுத்து மார்பை மூடிக்கொண்டார்.

“பட்டு பிடிச்சிருக்காம். ஆனா இனிமே நேக்கட் ஆளை அனுப்பாதேங்கிறா.”

“அப்படீன்னா?”

“அம்மணமா வந்தவர்னு அர்த்தம், செட்டியாரே. உடம்புல சட்டை இல்லேன்னாலே அவா அந்த வார்த்தையைத்தான் போடுவா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலியார் குனிந்து தம்மை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“எட்டு முழ வேட்டி கட்டிக்கினு, மேல துண்டும் போட்டுக்கினு போனேன்பா. அந்தம்மாவோட முழங்காலு தெரிஞ்சுது. நான் எதனா பேரு வெச்சேனா?”

“வைக்கல. ஆனா வாங்கறவங்க அவங்க. அடுத்த தடவை கோட்டு போட்டுக்கினு போங்க.”

“ஏகாம்பரநாதரே என்னை இப்படித்தான் உள்ள விடறாரு. இவங்க வாசலுக்குக் கோட்டு கேக்குதா?”

நியாயம்தான். ஆனால் ஏகாம்பரநாதருக்கு நம் கடையில் வருஷத்துக்கு ஒரு பட்டுதான் எடுக்கிறார்கள். துரைசாணிக்கோ மூன்று பெண்கள்.

ஒரு மணி நேரம் கெஞ்சிய பிறகு முதலியார் சம்மதித்திருக்கிறார். கடைத்தெரு நண்பர்களே, கோட்டு வைத்திருப்பவர்கள் இன்றே கொடுத்தனுப்புங்கள். முதலியாரின் தொந்தியை மனத்தில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். பொத்தான் எட்டவில்லையென்றால், அதற்கும் துரைசாணியிடம் ஒரு வார்த்தை இருக்கும்.