ஆயிரத்து இருபது அடி ஆழம், ஒன்பது கிலோமீட்டர் அலைச்சல்

இந்த வலைப்பூவில் இதுவரை மலைகளும் அருவிகளும்தான் வந்திருக்கின்றன. இந்தப் பயணத்தில் நான் பெங்களூரைவிட்டு வெளியேகூடப் போகவில்லை. சென்ற மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் சுவரை ஒட்டிய மனையில் அனுமதியில்லாமல் போர்வெல் போடுகிறார்கள் என்று நிரூபிக்க விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு நாள் உங்கள் பக்கத்து மனையிலும் ரிக் லாரி வந்து நிற்கலாம். அன்றைக்கு இது பயன்படும்.

என் வேலையைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். அமெரிக்காவில் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அங்கே நிலம் வாங்குபவர்களுக்காக அந்தத் தரவுத்தளத்தில் தேடித் தருவது எங்கள் அலுவலகத்தின் தொழில். நில எண்ணை வைத்து ஒருமுறை, நிறுவனத்தின் பெயரை வைத்து ஒருமுறை, வரைபடத்தை வைத்து ஒருமுறை தேடுவேன். எவ்வளவு ஆழம், எப்போது மூடினார்கள் என்பதுவரை வந்துவிடும். ஒன்றும் வராவிட்டால், ‘இன்றைய தேதிவரை தேடியதில் பதிவு எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுவேன். நான் கண்ணால் பார்க்காத மண்ணைப் பற்றி நான் எழுதும் அந்த ஒரு வரியை நம்பி அங்கே முடிவெடுக்கிறார்கள்.

அல்சூரில் எங்கள் கட்டடத்தில் நான்கு வீடுகள். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் முக்கால் மணி நேரம். மற்றபடி ஐந்நூறு அடி போர்வெல்தான் கதி. பக்கத்து மனையில் அறுபது அறைகளோடு ஒரு பிஜி விடுதி எழும்புகிறது. பின்தெருவில் இப்படி ஒரு விடுதி ஆழமாகப் போட்டதில், அடுத்த வீட்டுக்காரர்கள் ஒரு வருடமாக டேங்கருக்குக் காத்திருக்கிறார்கள்.

காலை ஏழேகாலுக்கு ரிக் வந்தது. நகரில் போர்வெல்லுக்குக் குடிநீர் வாரியத்தின் முன்அனுமதி கட்டாயம். கொடுத்த அனுமதிகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே தேடினேன். தெருப் பெயரில் இல்லை, மனை எண்ணில் இல்லை, உரிமையாளர் பெயரிலும் இல்லை. கீழே இறங்கி ரிக் மேனேஜரிடம் கேட்டேன். திருச்செங்கோட்டுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

“ஏனுங்க, பர்மிசன் எல்லாம் பார்ட்டி பாத்துக்குவாங்க. எங்களுக்கு அடிக்கணக்குதானுங்க.”

தரைத்தளத்து ஸ்டெல்லா ஆன்ட்டி நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கேஜிஎஃப்பில் பிறந்து வளர்ந்தவர், தங்கச் சுரங்கத் தொழிலாளியின் மகள். “எங்கப்பா பூமிக்குள்ள எறங்கணும்னா டோக்கன் குடுத்துட்டுதான் எறங்குவாரு. நீ இன்னாப்பா, கேட்டு கேள்வி இல்லாம தோண்டற?” என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே கம்ப்ரெசரைப் போடச் சொன்னார். அதற்குமேல் யார் பேசுவதும் கேட்கவில்லை.

எட்டரைக்குக் காவல் நிலையம். நடக்கும் தூரம்தான். எஸ்.ஐ. என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். “இதெல்லாம் ஆகாதும்மா. பர்மிஷன் இல்லன்னு ஆபீஸ்லருந்து ஒரு லெட்டர் கொண்டு வாங்க. அஞ்சு நிமிஷத்துல நிறுத்தறேன்.”

கிளம்பினேன். ஆன்ட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இறங்கும் ராடுகளை எண்ணிச் சொல்வதாக ஏற்பாடு. ஒரு ராடு இருபது அடி.

அல்சூரிலிருந்து சிவாஜிநகருக்குப் பேருந்தில் மூன்று கிலோமீட்டர். கர்நாடக முகவரி இருக்கும் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. என் ஆதார் இன்னும் வேலூர் முகவரியில் இருப்பதால் பன்னிரண்டு ரூபாய். ஆறு வருடமாக இந்த ஊரில் வாடகை கொடுக்கிறேன் என்று நடத்துனரிடம் சொல்லிப் பயனில்லை.

அங்கிருக்கும் வாரிய அலுவலகத்தில் பத்தே முக்காலுக்குத்தான் குமாஸ்தா வந்தார். கன்னடம் கலந்த தமிழ் பேசினார். கணினியில் தேடவும் செய்தார்.

“இல்லம்மா. நம்ம லிஸ்ட்ல இல்ல.”

“அதையே எழுதிக் கொடுங்க சார்.”

“நோடிம்மா, இருந்தா காப்பி கொடுப்போம். இல்லாததுக்கு எப்படி லெட்டர் கொடுக்கறது?”

“‘இன்னைக்கு வரைக்கும் தேடினோம், கிடைக்கல’ன்னு எழுதுங்க. அது பொய் இல்லையே?”

“நாளைக்கு எங்கயாவது இருந்துச்சுன்னா? சைன் போட்டவன் நானு. நீங்க வந்து பதில் சொல்வீங்களா?”

நான் தினமும் சொல்கிறேன் சார், ஆறு வருடமாக, கண்காணாத தேசத்துக்கு. இதை நான் சொல்லவில்லை. கைப்பேசி அடித்தது. ஆன்ட்டி. “நானூறு ஆயிடுச்சும்மா. மாவு மாதிரி தூசி, என் துணியெல்லாம் வெள்ளையாப் போச்சு.”

மேலதிகாரி இருக்கும் அலுவலகத்துக்கு இரண்டு கிலோமீட்டர். கப்பன் பார்க் பக்கம். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டதால் நடந்தேன். அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். மதிய உணவுக்குப் பிறகும் மீட்டிங்கிலேயே இருந்தார். பெஞ்சில் என்னருகே இருந்தவர் இதே மாதிரிக் கடிதத்துக்கு நான்காவது முறை வருகிறாராம். “கொடுத்துட்டா அவங்களே தடுத்தாகணும் இல்லம்மா, அதான்” என்றார் கொட்டாவியோடு. எழுநூற்று அறுபது, என்றார் ஆன்ட்டி கைப்பேசியில்.

அப்போதுதான் எழுந்தேன். எதிரே ஜெராக்ஸ் கடையில், என் அலுவலகத்தில் எழுதும் அதே வடிவத்தில், தேடிய விதம், தேதி, நேரம், முடிவு எல்லாம் தட்டச்சு செய்து புகார் மனுவோடு கொடுத்தேன். தபால் வாங்கும் ஜன்னலில் படிக்காமலேயே முத்திரை குத்தினார்கள். மணி மூன்று பத்து. மெட்ரோவில் இருபது ரூபாய், அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து காவல் நிலையத்துக்கு அரை கிலோமீட்டர். எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். “இது நீங்களே எழுதினதுதானேம்மா?”

தெருவில் திரும்பும்போதே சேறு காலில் ஒட்டியது. ஆயிரத்து இருபது அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்துவிட்டது. தேங்காய் உடைத்து, பிஜி முதலாளி லட்டுப் பெட்டியோடு நின்றிருந்தார். “நல்ல தண்ணி மேடம். ஆன்ட்டி, நீங்களும் எடுத்துக்கோங்க.”

ஆன்ட்டி பெட்டியைப் பார்த்தார். “தண்ணி எங்க வீட்டுது. லட்டு மட்டும் உன்னுதா?”

முதலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மோட்டார் மாட்டிய இரண்டாவது வாரம் எங்கள் மோட்டார் காற்றை இழுத்தது. இப்போது நாங்களும் டேங்கருக்குத்தான் காத்திருக்கிறோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கொட்டகை போட்டு, போர்வெல்லுக்கு இடம் பார்க்க ஆள் வரும்போதே மனு கொடுங்கள். ரிக் வந்தபின் ஒரு பகல்தான் இருக்கிறது. அந்தப் பகலில் எந்த அலுவலகமும் பத்தே முக்காலுக்கு முன் விழிக்காது. கடிதம் கேட்டு நேரத்தை விடாதீர்கள், நேராகத் தபால் ஜன்னலுக்குப் போய் முத்திரை வாங்குங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு இடத்திலும் குடிக்கத் தண்ணீர் இல்லை.

போன வாரம் என் மனுவின் நிலையைத் தெரிந்துகொள்ள அதே குமாஸ்தாவிடம் போனேன். மனை எண்ணைத் தட்டினார். இந்தமுறை ஒன்று வந்தது. “பாருங்க, ரெக்கார்ட் இருக்கே!” என்று திரையை என் பக்கம் திருப்பினார். என் மனுதான். அறுபது அறைக்கு இரவும் பகலும் ஓடும் அந்தக் கிணற்றைப் பற்றி அரசாங்கத்திடம் இருக்கும் ஒரே தாள், அப்படி ஒரு பதிவு இல்லை என்று நான் கையெழுத்திட்டதுதான்.