மாமா சொன்ன ஒற்றை வார்த்தை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் என் மாமா அவர்களுடைய கோட்டையில் துபாஷியாக இருந்தார். சிறுவயதில் கோட்டைச் சமையற்கட்டுக்கு மீன் கொண்டுபோய், சிப்பாய்கள் பேசுவதைக் கேட்டே அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டவர். முதலில் கற்றது வசவுகள்தான் என்று அம்மா தன் தம்பியைக் கேலி செய்வாள். வழக்கு என்று வருகிறவர்களுக்கு அவர் ஓலையில் மனு எழுதித் தருவார், சாட்சிகளைத் தேடிக் கூட்டி வருவார், விசாரணையில் இரு தரப்புப் பேச்சையும் கோட்டையின் ஒல்லாந்துத் துரைக்கு மொழிபெயர்ப்பார். தீர்ப்புச் சொல்வது துரை. அது எனக்குத் தெரியாது. கோட்டையையே மாமாதான் நடத்துகிறார் என்று குப்பத்துப் பிள்ளைகளிடம் அளந்து வைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது எங்களுக்கே வழக்கு வந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் அள்ளிக்கொண்டு விழும் ஓர் இடம் உண்டு. அங்கே வலை போட வடக்குக் குப்பம், தெற்குக் குப்பம், எங்கள் குப்பம் மூன்றும் முறை வைத்திருந்தன. அந்த முறைக்குப் பெயர் பாடு. அந்தப் பருவம் எங்கள் பாடு. ஆனால் முந்தின பருவம் வலை போட்ட தெற்குக் குப்பத்துத் தலைவர், இடமே தங்களுடையது என்று என் அப்பாவின் படகை மறித்துவிட்டார். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அந்த இறால் இல்லாவிட்டால் வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் கஞ்சிதான்.

விசாரணைக்கு முதல் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். "கண்ணால பாத்ததச் சொல்லு மச்சான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்று நைனாவிடம் சொன்னார். எனக்கு அதைவிட நல்ல யோசனை இருந்தது.

"மாமா, தொரைக்குத் தமிழ் தெரியாதுல்ல? நைனா இன்னா சொன்னாலும் நீ நல்லதா மாத்திச் சொல்லிடு."

"தெரியாதுன்னுதாண்டி என்னை நம்பி வச்சிருக்காரு," என்று என் தலையில் குட்டினார்.

மறுநாள் அம்மா என்னையும் கோட்டைக்கு இழுத்துப் போனாள். எடுத்த எடுப்பிலேயே தெற்குக் குப்பத்துத் தலைவர், "துபாசி அவனுக்கு மச்சினன். பேச்சை மாத்திடுவாரு," என்றார். இதையும் மாமாதான் துரைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முகம் சுளிக்காமல் சொன்னார். துரை, வேறு ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டு, மாமாவைச் சத்தியம் செய்ய வைத்தார்.

பிறகு நைனாவிடம் கேட்டார்கள், அந்த இடம் உன்னுடையதா என்று.

"இல்ல," என்றார் நைனா.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தண்ணீரைத் தன்னுடையது என்று எங்கள் குப்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அன்று ஒருநாள் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் மாமாவின் வாயையே பார்த்தேன். அவர் ஒரே ஒரு சின்ன வார்த்தை சொன்னார். துரையின் பேனா அதை எழுதிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெற்குக் குப்பத்துத் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி, இடம் எங்களுது என்றார். மாமா அதையும் அப்படியே சொன்னார். துரை கொஞ்சம் யோசித்து, உங்களுக்கு முந்தின பருவம் அங்கே யார் வலை போட்டது என்று கேட்டார்.

"வடக்குக் குப்பத்தான். அது அவன் பாடு," என்றார் அவர். வாயை மூடிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பாடு விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கும் நாக்கு வராது. உங்கள் இடத்தில் அவன் எப்படி வலை போட்டான் என்று துரை கேட்டார். பாடு எங்களுக்கு வந்தது.

ஜெயித்த பிறகும் ஒரு வாரம் நான் மாமாவோடு பேசவில்லை. துரை அந்தக் கேள்வியைக் கேட்காமல் போயிருந்தால் எங்கள் கதி என்ன?

சில மாதங்கள் கழித்து மாமா வீட்டு வாசலில் அதே தலைவர் ஒரு கூடை நண்டோடு நின்றார். வேறு யாரோடோ வழக்காம். மனு எழுதித் தரக் கேட்டு வந்திருந்தார். மாமா கூடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னிக்கு உன் மச்சான் ஒத்த வார்த்தை சொன்னான். நீயும் ஒத்த வார்த்தைதான் சொன்னே. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றார் அவர்.

மாமா எழுத்தாணியை எடுத்து உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த அக்கா புருஷனுக்காக இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல மனம் வராத மனிதருக்கு நண்டு ஒரு கேடா என்று நினைத்தேன். அன்று மாலை அத்தை குழம்பு வைத்தபோது, அந்தக் கோபத்தோடேயே இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றேன்.