ஏழு முடக்கும் ஒரு பால் வாளியும்

என் கையெழுத்து அழகானது என்று இந்த உலகத்தில் சொன்ன ஒரே மனிதர் என் மாமா. எங்கள் வாத்தியார் என் சிலேட்டை வாங்கி ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எது மேல்பக்கம்டா?" என்று கேட்டவர். மாமாவோ, "மருமகனே, உங்க எழுத்து முத்து முத்தா இருக்கு, நீங்களே எழுதுங்க" என்று பென்சிலை என் கையில் கொடுப்பார். நான் நம்பினேன். ஒன்பது வயதில் தன்னைப் பற்றி வரும் நல்ல செய்தியை யாரும் சந்தேகிப்பதில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மாமா அம்மாவின் அண்ணன். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இரண்டு வாடகைக் கார்களுக்கு முதலாளி. கார் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று கடைவீதி முழுவதும் பேசிக்கொள்ளும். அதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கார் வரும்போதே, சாய்வு நாற்காலியில் படுத்தபடி, "நம்ம துணிக்கடை நானா வர்றாரு. நாலு சிலிண்டர்ல ஒண்ணு தூங்குது" என்பார். கார் வந்து நிற்கும், துணிக்கடை முஸ்லிம் முதலாளி இறங்குவார்; எங்களுக்கெல்லாம் அவர் நானா. எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து, டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்து நிற்பார் மாமா. "பிளக்கைக் கழட்டு" என்பார். கழற்றினால் அதில்தான் கோளாறு இருக்கும்.

ஆனால் அவர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. இரண்டு காருக்கும் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். "முதலாளியே ஓட்டினா டிரைவர் என்ன, கொட்டாவியா விடுவான்?" என்று சிரிப்பார். முன்பு அவர் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆகவே இவ்வளவு பெரிய வித்தைக்காரர் தன் வித்தையைச் சும்மா சும்மா வெளியில் எடுக்கமாட்டார் என்று நானே ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டேன். நானாவின் மகன் ராசிக் என் வகுப்பு. அவனுக்கு இந்த விளக்கம் போதவில்லை.

"ஒங்க மாமாக்கு ஓட்டத் தெரியாதுடா. எங்க வாப்பா ஓட்டுறாரு, ஒங்க மாமா பாத்துக்கிட்டு ஈக்கிறாரு."

"ஒங்க வாப்பா ஓட்டுறத எருமை மாடு பாத்தாலும் சிரிக்கும்."

பேச்சு முற்றி, தோற்றவன் ஒரு மாதம் மற்றவனின் சிலேட்டையும் சேர்த்துச் சுமப்பது என்று பந்தயம் ஆகிவிட்டது. எதில் ஜெயிப்பது, எதில் தோற்பது என்று நாங்கள் யோசிக்கவில்லை. அதற்கு வழி செய்தவரும் மாமாதான்.

அந்த நாளில் தோட்டத்துத் துரைமார் வருஷத்துக்கு ஒருமுறை மலைப்பாதையில் கார் ஏற்றும் போட்டி வைப்பார்கள். நாங்களும் போகலாம், ரோட்டோரத்தில் நின்று தூசி தின்ன எங்களுக்கு முழு அனுமதி உண்டு. அந்த வருஷம் தூசி தின்றுவிட்டு வந்த அன்றைக்கே, கடை வாசலில் கூடியிருந்தவர்களிடம் மாமா சொன்னார்: "நாமளும் ஒண்ணு வைப்போம்யா. எவ்வளவு பழைய காரா இருந்தாலும் வரலாம். ஓட்டத் தெரியாட்டியும் வரலாம், நிறுத்தத் தெரிஞ்சா போதும்."

"காரு ஒடைஞ்சா?" என்று கேட்டார் நானா. அவர் கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஓட்டும்போது ஸ்டியரிங்கை, வெள்ளத்தில் அகப்பட்டவன் மரக்கிளையைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார்.

"ஒடையாது. யாரும் வேகமா போகப் போறதில்ல."

வேகமாகப் போகாத கார்ப்போட்டி! என் மாமாவைத் தவிர யாருக்கு இது தோன்றும்? பாலத்தடியிலிருந்து ரப்பர் ஸ்டோர் வரைக்கும் தோட்டத்து ரோடு ஏழு முடக்கு, அதாவது ஏழு கொண்டை வளைவு, ஏறுகிறது. பின் சீட்டில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் ஒரு பால் வாளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பால்வெட்டுக்காரர்கள் ரப்பர் பாலைச் சுமக்கிற அதே வாளி. அதில் விளிம்பு தட்டத் தண்ணீர், தண்ணீரில் இரண்டு சிரட்டை ரப்பர் பால். பால் எதற்கென்றால், சிந்தினால் மறைக்க முடியாது. ரப்பர் பால் பட்ட துணியை ஆறு முழுக்கக் கொண்டுபோய் அலசினாலும் கறை போகாது. எஞ்சின் நிற்கக் கூடாது, கார் நிற்கக் கூடாது. மேலே ஸ்டோரில் பால் அளக்கிற குச்சியைவிட்டுப் பார்ப்பார்கள். குறையாமல் கொண்டுவந்தவருக்கு ஒரு கோழிக்கூட்டு வாழைக்குலை. சேருவதற்கு ஒரு தேங்காயும் ஒரு கொத்து அளவு அரிசியும் கொடுத்தால் போதும். அதையே சமைத்து எல்லாருக்கும் சாப்பாடு.

இன்னொரு விதியும் இருந்தது. புதிதாக ஓட்டுகிறவர்கள் பயப்படாமல் இருக்க, பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பாதை சொல்லலாம். "ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு நல்லதுதானே" என்றார் மாமா.

ரோட்டைத் தர துரை ஒப்புக்கொண்டார், ஒரு கட்டளையுடன். ஒரு கார் ரோட்டோரத்து வடிகால் கானுக்குள் இறங்கினாலும், ஒருவருக்கு ஒரு சிராய்ப்பு என்றாலும், இதுவே முதலும் கடைசியும். மாமா வீட்டுக்கு வந்து இதை அத்தையிடம் மூன்று தடவை சொன்னார். மாமா எதையும் இரண்டாம் தடவை சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம், சாயங்காலமானால் சந்தை மைதானத்தில் எல்லாரும் ஓட்டிப் பழகினார்கள். மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ரோட்டைப் பார்க்கவே மாட்டார், கண்ணை மூடிக்கொண்டு, "அழுவுது கேக்குதா? அழுவுறப்ப கியரை மாத்துங்க. ஆ... இப்ப சிரிக்குது" என்பார். கண்ணை மூடிக்கொண்டே ஒருவனுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்க முடிகிறதென்றால் அவர் மனிதரா, தெய்வமா? நான் வாயைத் திறந்தபடி மைதானத்து ஓரத்தில் நிற்பேன். வாய்க்குள் கொசு போனதும் உண்டு.

பெயர்ப் பட்டியல் எழுதியது யார் என்று சொல்லத் தேவையில்லை. மாமா சொல்லச் சொல்ல எட்டுப் பெயரை எழுதினேன். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னார், படித்தேன். "அருமை" என்றார். தாளைக் கையில் கொடுத்தேன். பார்க்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் ராசிக்கோடு கட்டிய பந்தயம் ஞாபகம் வந்து, எனக்குள்ளிருந்த சைத்தான் விழித்துக்கொண்டது. ஒன்பதாவதாக மாமாவின் பெயரை எழுதினேன். என் வாழ்க்கையில் அதுவரை எழுதியதிலேயே அழகாக அமைந்த எழுத்து அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தடியில் தேர்த் திருவிழாக் கூட்டம். தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற சனம், கடைவீதிச் சனம், சுற்றுவட்டச் சிங்களச் சனம் எல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். துரைமாரின் போட்டியில் "வேகம், வேகம்" என்று கத்துவார்கள். இங்கே ஒவ்வொரு கார் கிளம்பும்போதும் ஊரே சேர்ந்து, "ஹெமின்! ஹெமின்!" என்று கத்தியது. மெதுவா, மெதுவா என்று ஒரு கூட்டம் தொண்டை கிழியக் கத்தி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நானாவின் கார் பிள்ளைத்தாய்ச்சி நடப்பதுபோல ஏறியது. வியர்வையில் நானாவின் தொப்பி நனைந்துவிட்டது. பின்னால் ராசிக் வாளியைப் பிடித்துக்கொண்டு சிலையாக இருந்தான். மேலேயிருந்து செய்தி வந்தது: ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. மற்றவர்களுக்கு அரை வாளியும் கால் வாளியும் போயிருந்தது. ஆனால் எட்டுக் காரும் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தன. மாமாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "முடிஞ்சிது. ஒண்ணும் ஆகல" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை பாலத்தோரத்தில் பெரிய பானையில் சோறு கிளறிக்கொண்டிருந்தாள்.

அப்போது தோட்டத்துக் கிளாக்கர் ஐயா தகரப் புனலை வாயில் வைத்து, என் முத்தான எழுத்தோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, ஒன்பதாவது பெயரை வாசித்தார்.

பாலம் அதிர்கிற மாதிரி ஆரவாரம். மாமா மட்டும் அசையவில்லை.

"இல்லீங்க, தப்பா எழுதியிருக்கு" என்றார்.

மேலேயிருந்து நடந்து இறங்கிவந்திருந்த நானா விடவில்லை. "என்னா முதலாளி, பயந்து செத்த எங்களையெல்லாம் ஏத்திவிட்டுப்போட்டு, நீங்க கீழ நிண்டுக்கிட்டு ஈக்கிறதா? ஏறுங்க!"

"ஏறுங்க! ஏறுங்க!" என்றது கூட்டம்.

மாமாவின் கை வேட்டி ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. அவர் இத்தனை அடக்கமான மனிதரா என்று நான் மெய்சிலிர்த்துப் போனேன். அப்போது அத்தை அகப்பையைப் பானைமேல் குறுக்கே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே வந்து, பாலத்தோரம் நின்ற மாமாவின் காரில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பொம்பளைகள் முன் சீட்டில் உட்காராத காலம் அது.

"வாங்க, நான் சொல்றேன்" என்றாள்.

"துரை சொன்னது..."

"தெரியும். வாங்க."

வாளியோடு நான் பின்னால் ஏறினேன். மாமா ஸ்டியரிங்கைத் தொட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கார் கிளம்பியதே தெரியவில்லை. ரோடுதான் எங்களுக்கு அடியில் நழுவிப் போவதுபோல இருந்தது. வாளிக்குள் வெள்ளைத் தண்ணீர் சிலிர்க்கவில்லை. கியர் மாறும்போது சத்தம் மட்டும் மாறியது. ஒரு குலுக்கல் இல்லை. பாட்டுக்காரன் சுருதி மாற்றுகிற மாதிரி. அன்றைக்குவரை கோயிலில்கூட எனக்கு அப்படிக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியதில்லை. கையில் வாளி இருந்ததால் கும்பிடவில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல், அத்தை. கிளம்பின நேரத்திலிருந்து வாய் ஓயவில்லை. "சரி... சரி... கொஞ்சம் எம் பக்கமா... கல்லு இருக்கு, விடுங்க... இப்ப மொடக்கு. ஒடிங்க... இன்னும்... இன்னும்... போதும், நேராக்குங்க." அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசுகிற குரலில், மூச்சுவிடாமல். வீட்டில் உப்புக்கும் புளிக்கும் பேசுவது போதாதென்று இங்கேயுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. மாமாவுக்கு எருமைப் பொறுமை. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

ஆறாவது முடக்கில் முந்தின நாள் மழைக்கு ரோட்டோரம் இடிந்து கானோடு கலந்து கிடந்தது. அதற்குக் கீழே ரப்பர் மரங்களின் தலைகள்தான் தெரியும். மற்றவர்களெல்லாம் மலைப்பக்கம் ஒட்டிப் போயிருந்தார்கள். மாமா ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். என்ன துணிச்சல் என்று நான் நினைப்பதற்குள், அத்தையின் பேச்சு நின்றது. கையை நீட்டி, ஸ்டியரிங் மேலிருந்த மாமாவின் கையைப் பற்றிக்கொண்டாள். ஊர் பார்க்க, நடு ரோட்டில், புருஷன் கையை! இரண்டு கைகளும் சேர்ந்து மெல்லத் திரும்பின. பின் சக்கரத்துக்கடியில் மண் பொலபொலவென்று சரிகிற சத்தம் கேட்டது. கார் நிற்கவில்லை.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அங்கே பாறைமேல் ராசிக் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பெருமையில், ஒரு கையை எடுத்து வீசிக் காட்டினேன்.

அவ்வளவுதான். வாளி ஒரு பக்கம் சாய்ந்தது. என் சட்டையில் அகத்திப்பூ மாதிரி வெள்ளையாக ஒரு கறை.

மேலே ஸ்டோரில் குச்சியைவிட்டுப் பார்த்தவர்கள், அரை விரல் குறைவு என்றார்கள். குலை நானாவுக்குப் போனது. எங்கள் பின்னாலேயே ஏறிவந்த நானா அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அழுதார்; நாலு மாதத்து டிரைவர்! அடுத்த வருஷமும் ரோடு தருவதாகத் துரை சொல்லியனுப்பினார். அதைக் கேட்டதும் மாமா அப்படியே கார் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார். முதுகுச் சட்டை ஒட்டிக்கிடந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வாயை மூடிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"என் பேரை எழுதுனது யாரு?" என்றார் மாமா.

"நான்தான் மாமா."

அவர் கை என்னை நோக்கி வந்தது. என் தலைக்குப் பக்கத்தில் காற்றில் ஒருமுறை துழாவியது, பிறகு காதில் பட்டது, பிறகு தலையில் வந்து நின்றது. காதைத் திருகக் குறிவைத்துத் தவறிவிட்டார் என்றும், நான் தப்பிவிட்டேன் என்றும் நினைத்துக் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னேன். கை தலையிலேயே வெகுநேரம் இருந்தது.

மாமாவுக்கு அப்போதே நாலைந்து வருஷமாகக் கண் மங்கிக்கொண்டு வந்ததும், அது அத்தைக்கு மட்டுமே தெரிந்திருந்ததும், நான் பெரிய வகுப்புக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்தயத்தில் தோற்றதுதான்.

மறுநாள் காலை இரண்டு சிலேட்டுகளைச் சுமந்துகொண்டு, கறை போகாத சட்டையோடு பாலத்தைக் கடந்தேன். ராசிக் கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தான்.

"ஒங்க மாமா ஓட்டுவாருதான்டா" என்று அவனே ஒத்துக்கொண்டான். "பொறகு ஏன் தோத்தீங்க?"

கைவீசியதை நான் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"எல்லாம் எங்க அத்தையாலதான். அவங்க மட்டும் கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வந்திருந்தா, எங்க மாமா ஒரு சொட்டு சிந்தாம ஓட்டியிருப்பாரு."