மேலிருந்து பார்த்த கார்

தேசப்பன் கார் வாங்கப்போவதாகச் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவொற்றியூர் தேரடியில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்கு மாலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான். வாங்குகிறவர்கள் இல்லை.

அவர் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். மனைவி தாயம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை. காலையில் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் மட்டும் அவர் குரல் தெருவில் கேட்கும். அதுவும் தன் முறையை வேறு யாருக்காவது விட்டுக்கொடுப்பதற்காக இருக்கும். ஒற்றை ஆளுக்கு ஒரு குடம் போதும் என்பார்.

அது 2005. பழைய சாமான்களை விற்கும் இணையதளம் ஒன்றைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு வந்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். மவுசைத் தொட மாட்டார். ஆங்கிலத்தில் இருப்பதை நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். மோரிஸ் மைனர் என்ற பெயர் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. முன்பக்கம், பக்கவாட்டு, ஸ்டியரிங், சீட் என்று கிடைத்த படங்களையெல்லாம் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். பிறகு எப்படித்தான் இருக்கும் அந்தக் கார் என்று கேட்டேன்.

“மேலேர்ந்து எடுத்த போட்டோ எதுனா கீதான்னு பாரு பாப்பா” என்றார். “நான் அத்த மேலேர்ந்துதான் பாத்துக்கீறேன்.”

அன்றைக்குத்தான் அவர் கொஞ்சம் பேசினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாடு திரும்பும் யாரோ ஒருவருடைய மோரிஸ் மைனர் காரைக் கப்பலில் ஏற்றும் வேலை அவருக்கு வந்தது. சக்கரங்களுக்கு அடியில் வலையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். அவர் உயரத்தில், கேபினில். கீழே நின்று கையால் சைகை காட்டியவர் ராசையா. அவர்கள் இருவரும் சேர்ந்து தூக்கிய முதல் சரக்கு அதுதான். மேலே இருந்து பார்க்க ஆமை ஓடு மாதிரி வழவழவென்று இருந்ததாம். கீறல் படாமல் தளத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு, அவர் வேலையை விடும்வரை, கீழே நின்ற கை ராசையாவுடையதுதான்.

சைகைகளை எனக்குக் காட்டினார். ஆள்காட்டி விரலை மேலே சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினால் இறக்கு. சுண்டுவிரலை மட்டும் அசைத்தால் மெதுவாக. கையை உயர்த்தி முஷ்டியை மூடினால் நிறுத்து. முஷ்டி காட்டிய பிறகு அடுத்த சைகை வரும்வரை எதையும் தொடக் கூடாது, கேபினை விட்டு இறங்கக் கூடாது. ஒரு முறை முஷ்டியைக் காட்டிவிட்டு ராசையா யாருடனோ பேசப் போய்விட, இவர் சாப்பாட்டு நேரம் முழுக்க மேலேயே உட்கார்ந்திருந்தாராம். அதைச் சொல்லும்போது சிரித்தார். அவ்வளவு காலம் சேர்ந்து வேலை செய்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு. இவர் இறங்கி வருவதற்குள் அவர் பஸ்ஸைப் பிடித்திருப்பார்.

ராசையாவை இப்போது பார்ப்பதுண்டா என்று கேட்டேன். திரையைப் பார்த்தபடி, அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து, காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் போட்ட விளம்பரம் கிடைத்தது. கார் ஒரு பெரிய வீட்டின் முற்றத்தில் நின்றது. ஒரு படத்தை மாடியிலிருந்து எடுத்திருந்தார்கள். வெயிலில் வெளுத்த, வளைந்த கூரை. ஓரத்தில் ஒரு கொடியில் வேட்டி காய்ந்தது. தேசப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இன்ஜின் இறுகிப்போயிருக்கிறது, ஓடாது என்று எழுதியிருப்பதை நான் இரண்டு முறை படித்துச் சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கார் லாரியில் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்றது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் வல்லரசு அதைச் சுற்றிவந்து, “இன்னா மாமு, பொண்ணு பாக்காமயே தாலி கட்டிட்டியா?” என்று கேட்டார். தேசப்பன் கோபப்படவில்லை. அவர் காரின் முகத்தை, அந்த உருண்டை விளக்குகளை, முதல் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு மாடிப்படியில் பாதி ஏறி நின்று பார்த்தார். அப்போதுதான் முகம் தெளிந்தது.

வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்தில் காரை நிறுத்தினோம். அதன் பிறகு அவர் லாரித் தண்ணீரில் தன் முறையை விட்டுக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. அதைக் கொண்டு காரைத் துடைத்தால் துரு ஏறிவிடும் என்று லாரித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பார். குடத்தோடு நிற்கும் பெண்கள் முணுமுணுத்தார்கள். அவருக்கு முன்பெல்லாம் குழம்பு கொடுத்தனுப்பிய வீடுகள்கூட நிறுத்திக்கொண்டன. அதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

முக்காலி போலக் குழாய்களை நட்டு, பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை மாட்டி, வல்லரசின் உதவியோடு இன்ஜினை வெளியே எடுத்தார். அது மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கொருக்குப்பேட்டை லேத்துப் பட்டறைக்குப் போய், சரிசெய்யப்பட்டுத் திரும்பி வந்தது. வெளியே எடுப்பது எளிது. உள்ளே வைப்பதுதான் வினை. கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு இன்ஜினின் பின்புறத்துக்குள் நேராக நுழைய வேண்டும். சந்து குறுகல் என்பதால், செயினை இழுக்கிறவர் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து இன்ஜின் இறங்கும் இடம் தெரியாது. முன்னால் நிற்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்ஜினை உள்ளே வைக்க முயன்ற ஞாயிற்றுக்கிழமை முன்னால் நான்கு பேர் நின்றார்கள். எறக்கு என்றார் ஒருவர், கொஞ்சம் தூக்கு என்றார் இன்னொருவர், வல்லரசு நிறுத்து நிறுத்து என்று கத்தினார். தேசப்பனின் கை செயினில் உறைந்துவிட்டது. துறைமுகத்தில் ஒருவருடைய கைச் சைகைக்குத்தான் வேலை செய்வார்கள். இரண்டு பேர் காட்டினால் கிரேன் நகராது. அவர் யாருடைய பேச்சையும் கேட்காமல் கைகளைத் தேடிக்கொண்டிருந்தார். யாரும் கையைக் காட்டவில்லை. இன்ஜின் ஆடிப்போய்க் காரின் உட்தகட்டில் மோதியது.

“கத்தாதீங்கப்பா” என்றார். “கையக் காட்டுங்க.”

அவர்கள் சிரித்தார்கள். வல்லரசு, கார் ரிப்பேரா, பரதநாட்டியமா என்று கேட்டுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். இன்ஜின் மறுபடியும் பலகைமீது இறங்கியது. தார்ப்பாய் போட்டு மூடினார்.

புரட்டாசி முடிந்துகொண்டிருந்தது. எங்கள் சந்தில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சாக்கடையும் கடல் உப்பும் கலந்த தண்ணீர். இன்ஜின் தரையில் கிடந்தால் பட்டறையில் செய்ததெல்லாம் வீண். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பட்டறையிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிடலாமே அங்கிள் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு காத்திவாக்கத்துக்குப் பஸ் ஏறினார்.

போய்விட்டு வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். ராசையாவின் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. லாரிகளின் இடைவெளியில் எதிர்ப்பக்க வாசலில் ராசையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சாலையைக் கடந்து போக இவருக்குக் கால் வரவில்லை. இங்கிருந்தே கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலைச் சுழற்றினார். ராசையா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

இவர் அதற்கப்புறம்தான் சாலையைக் கடந்தார். ராசையாவின் மருமகள் செங்கொடி பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஓர் இன்ஜினை இறக்க வேண்டும், திருவொற்றியூரில், என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

“வருவாரா?” என்றேன்.

“ஏன் வரணும்?” என்றார்.

அந்த வாரம் முழுக்க எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை காற்றில் மழை வாடை வந்துவிட்டது. தேசப்பன் தார்ப்பாயை எடுத்துவிட்டு, செயினை மாட்டி, சுவரை ஒட்டித் தனியாக நின்றார். வல்லரசு வருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாராம். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அவர் சும்மா நின்றுகொண்டே இருந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை.

பகல் சாய்ந்த பிறகு ராசையா வந்தார். ஒல்லியான உருவம், மடித்துக் கட்டிய கைலி. யாரிடமும் எதுவும் கேட்காமல் சந்துக்குள் நுழைந்து காருக்கு முன்னால் நின்றார். விளக்குகளைத் தடவிப் பார்த்தார்.

“மூஞ்சி அதே மூஞ்சிதான்” என்றார்.

“எனக்கு மூஞ்சி தெரியாது” என்றார் தேசப்பன்.

ராசையா ஓர் அடி பின்னால் போய்க் கையை உயர்த்தினார். விரல் சுழன்றது. செயின் கடகடவென்று ஓடியது. இன்ஜின் எழுந்து, காரின் மூக்கைத் தாண்டி, நின்றது. உள்ளங்கை கவிழ்ந்தது. தேசப்பன் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையை மட்டும் பார்த்தார். சுண்டுவிரல் அசைய அசைய, ஒவ்வொரு கண்ணியாகச் செயினை விட்டார். தெருவில் யாரோ வேடிக்கை பார்க்க வந்து, சத்தம் எதுவும் இல்லாததால் போய்விட்டார்கள். தண்டு உள்ளே நுழைந்தபோது ‘டொக்’ என்று ஒரு சின்ன ஒலி. அவ்வளவுதான்.

ராசையா கையைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் சொன்னார்.

“சொல்லாம வேலைய வுட்டுட்டு பூட்டியே தேசப்பா. மறுநாள் வந்து நின்னு அண்ணாந்து பாக்கறேன், வேற எவனோ குந்திகினு கீறான். அவனுக்கு என் கை புரில. எனக்குக் கையே தூக்க வர்ல.”

தேசப்பன் செயினைப் பிடித்தபடி நின்றார். “எறங்கி வந்து எப்டி சொல்றதுன்னு தெர்லடா” என்றார்.

நான் கொண்டுபோன டீயை ராசையா நின்றபடியே குடித்தார். முதல் தூறல் விழுந்ததும் குடையில்லாமல் கிளம்பினார். தெருமுனையில் திரும்பும் இடத்தில், முகத்தைத் திருப்பாமலே, ஒரு கையை உயர்த்தி முஷ்டியை மூடினார். பிறகு முனை தாண்டிப் போய்விட்டார்.

அன்று இரவு பிடித்த மழை நான்கைந்து நாள் விடவில்லை. சந்தில் தண்ணீர் ஏறியது. இன்ஜின் காருக்குள் பத்திரமாக இருந்தது. மழை விட்டதும் வல்லரசு வந்து பார்த்துவிட்டு, போல்ட்டெல்லாம் கையால் திருகியபடியே கிடக்கிறது, முறுக்கிவிட வேண்டியதுதானே, வயரைக் கொடுத்தால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே என்றார். ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டார். தேசப்பன் அதை அவர் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டார்.

ஏன் இன்னும் முறுக்கவில்லை என்று நானும் பின்னால் ஒரு நாள் கேட்டேன்.

“அவன் கை இன்னும் எறங்கல பாப்பா” என்றார்.

மாடியிலிருந்து துணி எடுக்கும்போதெல்லாம் அந்தக் கூரை தெரியும். மழை கழுவி வெளுத்திருந்தது. சில மாலைகளில் அவர் காருக்குள் போய் உட்கார்ந்திருப்பார். மேலே இருந்து பார்க்கும்போது உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. பக்கத்து சீட்டின் கதவு மட்டும் திறந்திருக்கும்.