நேராகப் போகிறவள்

என் அக்காவைத் தெருப் பிள்ளைகள் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். விடிந்தும் விடியாததுமாக வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "கொசு கேக்காம எடுக்கும். நான் கதவத் தட்டிட்டுத்தானே வர்றேன்" என்பாள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், லேபில் வரிசையில் உட்காரப் பிடிக்காத பெரிய மனிதர்கள் வீட்டுக்கெல்லாம் காலையில் போய், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குழாய்களைக் குளிர்பெட்டியில் நிறுத்தி, சைக்கிளில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

அந்தப் பெட்டியை அவள் கேரியரில் சும்மா கட்டுவதில்லை. அடியில் பழைய தலையணைப் பஞ்சு, சுற்றிலும் சைக்கிள் ட்யூபை அறுத்துச் செய்த பட்டை. ரத்தம் பலமாகக் குலுங்கினால் குழாய்க்குள்ளேயே கெட்டுப்போகும். பிறகு அதே ஆளை இன்னொரு தடவை குத்த வேண்டும். அவர்கள் ரோட்டைத் திட்ட மாட்டார்கள், ஒழுங்காக எடுக்கத் தெரியாதா என்று இவளைத்தான் திட்டுவார்கள். அதனால் பள்ளம் மேடு பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுவாள். அவள் மட்டும் பார்த்து என்ன பயன்?

அன்று பெட்டியில் இருந்தது ஒரு பச்சைக் குழந்தையின் ரத்தம். நரம்பே தட்டுப்படாத கை. தாயும் பிள்ளையும் சேர்ந்து அழ, அக்கா வியர்த்து வழிந்து எடுத்தது. மருந்துக்கடை முனையில் அவள் நேராகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நீலக் கார் பின்னாலிருந்து வந்து முந்தியது. முந்திய வேகத்திலேயே அவளுக்குக் குறுக்கே தெருவுக்குள் திரும்பியது. கண்ணிமைக்கிற நேரம் பொறுத்திருந்தால் அவள் கடந்து போயிருப்பாள். அக்கா இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். சைக்கிள் சரிந்தது, பெட்டி நடைபாதைக் கல்லில் போய் மோதியது. எழுந்தவள் முழங்கை எரிய எரிய ஓடிப்போய், தெருவுக்குள் வேகம் குறைந்திருந்த காரின் டிக்கியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

இறங்கி வந்தவர் அவள் முழங்கையைப் பார்க்கவில்லை. டிக்கியைத் தடவிப் பார்த்தார். கார் திரும்புவது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கத்தினார். அப்புறம் அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஓ, நம்ம லேப் பொண்ணா" என்றார். வாராவாரம் அவள் போய் ரத்தம் எடுக்கிற வீட்டுக்காரர். மதியத்துக்குள் மேனேஜருக்குப் புகார் போய்விட்டது. அடுத்த முறை போகும்போது மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தக் குழந்தையை மறுபடியும் குத்த வேண்டி வந்ததைப் பற்றி யாரும் யாரிடமும் புகார் செய்யவில்லை.

வீட்டில் அப்பா மேனேஜர் பக்கம். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். பெரிய வண்டி வந்தால் சின்ன வண்டி ஒதுங்க வேண்டும், அவருக்குத் தெரிந்த விதி அது ஒன்றுதான். அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். கைபேசியில் சாலை விதிகளைத் தேடி எடுத்து வாசித்தேன். திரும்புகிற வண்டி, நேராகப் போகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். சைக்கிளும் வண்டிதான். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, இத அந்தக் காருக்கு யாரு வாசிச்சுக் காட்டுறது?" என்றார்.

கைபேசியை அணைத்து வைத்தேன். அப்போது நானே கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன், வேலை தேட உதவும் என்று. இதே விதியை எழுத்துத் தேர்வில் சரியாக எழுதியிருந்தேன். ஆனால் முனை வந்ததும் பயிற்சியாளர் சொன்னது வேறு: "ஹாரன அடிச்சிட்டுத் திருப்பு. சைக்கிள்காரன் நிப்பான், அவனுக்கு உயிர் மேல ஆசை இருக்கும்ல." பின் சீட்டில் இருந்த, என்னோடு பழகுகிறவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது என் அக்காவைப் பார்த்து என்று அவர்களுக்குத் தெரியாது. நான் படித்தது விதியைத் தெரிந்துகொள்ளவா, அதை மீறுகிற சீட்டில் ஏறி உட்காரவா?

அடுத்த வாரம் அவளோடு நானும் போனேன். துணைக்கு என்று சொன்னேன். உண்மையில் அவள் எதையாவது பேசி வேலையைக் கெடுத்துக்கொள்வாளோ என்ற பயம்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சோபாவில் தயாராக இருந்தார். மேனேஜர் விஷயத்தைச் சொன்னாரா என்று கேட்டார்.

"கைய நீட்டுங்க சார். பேசினா நரம்பு நழுவும்" என்றாள் அக்கா.

அவர் வாயை மூடிக்கொண்டார். ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவி, ஒரே குத்து. குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திப் பெட்டியில் வைத்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவர், "ம், சொல்லு" என்றார்.

"கார்ல தட்டினது தப்புதான் சார். மன்னிச்சிடுங்க."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"குறுக்க திருப்பினதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல. போகட்டும். இப்ப இந்தப் பெட்டில இருக்கிறது உங்க ரத்தம். அந்த முனையில நான் நேராத்தான் போவேன். உங்கள மாதிரி ஒருத்தர் திருப்பினா, நாளைக்கும் வந்து உங்களக் குத்துவேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். "இவரு திருப்பும்போது பக்கத்துல உக்காந்திருக்கிற நானே கண்ண மூடிக்கிறேன்." அந்தச் சிரிப்புதான் அவரை எரித்தது. மிரட்டுகிறாயா என்று எழுந்து நின்றார். மிரட்டவில்லை, தன் வேலை எப்படி நடக்கிறது என்றுதான் சொன்னேன் என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

அவர் வேறு லேபுக்கு மாறிவிட்டார். மேனேஜர் அக்காவை நிற்கவைத்துத் திட்டித் தீர்த்தார், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. குழந்தைக் கையில் நரம்பு பிடிக்க அங்கே வேறு ஆள் கிடையாது. நியாயம் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை, வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டார். கொசு காரையே கடித்துவிட்டது என்று தெருப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

நேற்று காலை அவளுக்குப் பின்னால் என் சைக்கிளில் போனேன். மருந்துக்கடை முனை வந்தது. அவள் கால் பெடலில் நின்றுவிட்டது. விரல்கள் பிரேக்கை இறுக்கின, தலை திரும்பிப் பின்னால் பார்த்தது. வழி அவளுடையது. பார்க்க வேண்டியவர் எங்கோ நிம்மதியாகத் திருப்பிக்கொண்டிருப்பார், பயந்து பயந்து பார்க்கிறவள் இவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரும் இல்லக்கா, போ" என்றேன்.

"தெரியும்டி" என்றாள். பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவில்லை.