வெள்ளை முக்காடு போட்ட பேய்

நாவல் படித்துக்கொண்டே சோற்றைத் தீய விட்ட பெண்கள் பூந்தமல்லியில் இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பிடிபட்டது நான். திருவிழாக்களில் ராட்டினம் போடுகிற என் அப்பா, மறுபடியும் சோறு தீய்ந்த ஒரு நாள், என் புத்தகங்களையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போடக் கிளம்பிவிட்டார். பாழடைந்த அரண்மனை, சுவருக்குள் வைத்துப் பூசப்பட்ட ஜமீன்தாரிணி, அவள் கையில் அணையாத மெழுகுவர்த்தி என்று வெள்ளைக்காரன் கதைகளைத் தமிழாக்கி எழுதியவை. எனக்கு அவை உயிர்.

நான் விடவில்லை. மாதா கோயில் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பேய் பங்களா போடலாம், கதையில் இருப்பதை அப்படியே செய்தால் கூட்டம் அலறும் என்றேன். அப்பாவுக்குத் தொழில் ஆசை வந்துவிட்டது. அடுப்படியில் நின்றபடியே பந்தயம் கட்டினார்.

"ஒரே ஒரு ஆளு பயந்துட்டாலும் புஸ்தகத்தை வுட்டுட்றேன். இல்லாங்காட்டி அடுப்புதான்."

தென்னங்கீற்றால் வளைந்து வளைந்து போகும் இருட்டுக் குகை ஒன்று கட்டினோம். சென்னீர்குப்பம் செங்கல் சூளையிலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. ஆட்களை அதில் உட்காரவைத்து என் அண்ணன் தள்ளுவான். கடைசி வளைவில் நிற்கும் ஜமீன்தாரிணிப் பேய் நான்தான். வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. கதையில் போட்டிருந்தபடியே அசையாமல் நின்றேன்.

முதல் வண்டியில் ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொண்டையிலிருந்த மல்லிகையை எடுத்து என் காலடியில் வைத்து, மருமகளுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டாள். கோயிலுக்குள் மாதா நிற்கிற மாதிரியே நான் நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதை எழுதியவர்கள் யாரும் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் இல்லை. அடுத்தடுத்து வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கி முட்டிபோட்டார்கள். ஒருவர்கூட அலறவில்லை. புத்தகங்களை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதா கண்ணீர் விடுகிறாள் என்று வெளியே செய்தி பரவியது.

வரிசை ராட்டினத்தையும் தாண்டிப் போனதாம். அப்பா வண்டிக்குக்கூடக் காத்திராமல் குகைக்குள் ஓடிவந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"முக்காட்டை எடுடி. பங்குச்சாமியார் வந்துகினு கீறாரு. பார்த்தாருன்னா நம்பளைக் கோயிலை வுட்டே தள்ளி வெச்சிருவாரு."

எனக்கும் பயம்தான். ஆனாலும் மெழுகுவர்த்தியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு ஆளு பயந்தாச்சு, நைனா" என்றேன்.